இலையில்லாத குச்சிகள்

முதன்முறை இயெத்ராச் செடி தோலைப் பிடித்தபோது எலோடியாவுக்குப் பதினெட்டு வயது. மெக்சிகோவின் மிச்சோகானிலிருந்து வந்து, வாட்சன்வில்லில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு நாள் மேஸ்திரி அவளையும் இன்னும் மூன்று பெண்களையும் கூப்பிட்டு, வயலோர வேலியைச் சுத்தம் பண்ணச் சொன்னான். வேலி முழுக்க மூன்று மூன்று இலையாகப் பளபளவென்று ஒரு புதர் படர்ந்திருந்தது. ஒருத்தி கையுறை கேட்டாள். "வெறும் இலை. அதுக்குக் கையுறை வேற போட்டுக்கணுமா, கல்யாணத்துக்கா வந்திருக்கே?" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ரோட்டிலேயே நின்றுகொண்டான்.

மறுநாள் காலையில் எலோடியாவுக்குக் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டுவிட்டன. கை, கழுத்து, காது மடல், விரலிடுக்கு எல்லாம் கொப்புளம். கொப்புளம் உடைந்து நீர் வழிந்தது. அரிப்பு என்றால் சாதாரண அரிப்பில்லை. எலும்பைச் சொறிந்தால்தான் அடங்கும் என்பதுபோல. ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனபோது அவள் வரிசையில் வேறொரு பெண் பறித்துக்கொண்டிருந்தாள். வராதவளுக்கு வேலை கிடையாது என்றான் மேஸ்திரி. அப்போதும் அவள் கிட்டே வராமல் நாலடி தள்ளி நின்றுதான் சொன்னான். அந்த நாலடியில்தான் எலோடியாவுக்கு விஷயம் புரிந்தது. இவனுக்கு முன்னமே தெரியும். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறான்.

கலிபோர்னியா மலைப்பக்கத்தில் வீடு வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் அதைப் பாய்சன் ஓக் என்பார்கள். வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அது இயெத்ரா. நம் ஊரில் சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிப் பொத்துக்கொள்ளுமோ அந்த வகை. அதற்கு ஒரு எண்ணெய் உண்டு. இலையில், தண்டில், வேரில், காய்ந்து போன சுள்ளியில்கூட இருக்கும். மண்வெட்டிப் பிடியில் பட்டால் அடுத்த வருஷம் வரைக்கும் அங்கேயே இருந்து, தொட்டவனைப் பிடிக்கும். நாயின் முடியில் ஒட்டி வந்து, நாயைக் கொஞ்சுகிற குழந்தையைப் பிடிக்கும்.

இதையெல்லாம் எலோடியா பர்ரகான் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டாள். ஸ்ட்ராபெர்ரியை விட்டு வீடுகளில் துப்புரவு வேலைக்குப் போன காலத்தில், ஒரு வீட்டுக்காரம்மா கொல்லைப்புறத்து இயெத்ராவைப் பிடுங்க ஆளே வரமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பினாள். எலோடியா, நான் பிடுங்குகிறேன் என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளைக் கேட்டால், "அது என்னை ஒரு தடவை ஜெயிச்சுருச்சு, அதான்" என்பாள். அந்த ஒரு வேலை அடுத்த வீட்டுக்குப் போய், கொர்ரலிதோஸ் மலைப்பாதை முழுக்க அவள் பெயர் பரவியது. ஐம்பத்தோரு வயதில் அவளுக்குச் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி, கூட வேலை செய்யத் தம்பி எஃப்ரென், வருஷத்துக்கு நாற்பது வீடு என்று இருந்தது.

அவள் முறை கறாரானது. மழை விட்டு மண் இளகியிருக்கும் தையிலிருந்து சித்திரை வரைக்கும்தான் வேரோடு எடுப்பாள். முழுக்கை, முழுக்கால் உடுப்பு. உள்ளே ரப்பர் கையுறை, மேலே தடித்த துணிக் கையுறை, கையுறையின் வாயில் ஒட்டு நாடா. வேலைக்கு நடுவில் முகத்தைத் தொடக்கூடாது, கழிவறைக்குப் போவதானால் முதலில் கழுவவேண்டும். வண்டியின் பின்னால் ஒரு பெரிய தண்ணீர்ப் பீப்பாய், பாத்திரம் கழுவும் சோப்பு, கிழித்த துண்டுகள். குளிர்ந்த தண்ணீர், சோப்பு, துணியால் தேய்ப்பு. எண்ணெய்க் கிரீஸை எடுப்பதுபோல மூன்று தடவை. கருவிகளை ஸ்பிரிட்டில் துடைப்பாள். பிடுங்கியதைக் கனத்த பைகளில் கட்டிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோவாள். எரிப்பது மட்டும் கிடையவே கிடையாது. எண்ணெய் புகையோடு ஏறும். தோலில் செய்வதை நெஞ்சுக்குள் செய்யும்.

ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவாள். விட்லோவிடம் மூன்று முறை சொன்னாள்.

கிராண்ட் விட்லோ நகரத்தில் ஏதோ கம்பெனியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலைமேல் ஆப்பிள் தோட்டத்தோடு ஒரு வீட்டை வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சின்ன மகளின் கல்யாணத்தை ஜூன் மாதம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சரிவில் வைத்துக்கொள்ள ஆசை. சரிவு முழுக்க இயெத்ரா. ஆனால் அது ஜனவரி. இலையெல்லாம் உதிர்ந்து, விளக்குமாற்றுக் குச்சியை நட்டு வைத்ததுபோல நின்றது. விட்லோவால் நம்ப முடியவில்லை. பாதி செத்துப்போன மாதிரி இருக்கிறதே, இதற்கு எதற்கு இவ்வளவு வேஷம் என்று சிரித்தார். எலோடியா ஒரு குச்சியை வெட்டி அவர் கண்ணெதிரே பிடித்தாள். வெட்டுவாய் கொஞ்ச நேரத்தில் மை தடவியதுபோலக் கறுத்தது. "இந்தக் கறுப்புதான். செத்தாலும் போகாது. எரிக்க மட்டும் கூடாது, மிஸ்டர் விட்லோ" என்றாள். அவர், சரி சரி, நீங்கள்தான் நிபுணர் என்று கையை விரித்தார்.

அந்த வீட்டில் மூத்த மகளின் பெண் ஒன்று, நாலு வயது, டெஸ்ஸா என்று பெயர், மஞ்சள் பூட்ஸ் போட்டுக்கொண்டு எந்நேரமும் வெளியே ஓடிவரும். தாத்தா காரின் முன்கதவைத் திறந்து ஏறி ஹாரன் அடிப்பது அதற்கு விளையாட்டு. எலோடியா அதைப் பார்க்கும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு, சரிவுப் பக்கம் வராதே கண்ணு என்று தூரத்திலிருந்தே விரட்டுவாள்.

நாலு நாள் வேலையில் சரிவின் பாதி முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை, பிடுங்கியதில் ஒரு பங்கு பைகளில் இருந்தது; மீதியைக் குவித்து நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் கல் வைத்தாள். திங்கட்கிழமை பைகளோடு வருகிறேன், யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது மூன்றாவது முறை.

சனிக்கிழமை காலை எலோடியா வேறு ஊரில் ஒரு வீட்டில் இருந்தாள். விட்லோ எஃப்ரெனின் கைபேசிக்கு நேராகப் பேசினார். தோட்டத்தில் ஆப்பிள் கிளைகளை வெட்டிக் குவித்திருக்கிறது, இன்று எரிக்க அனுமதி உள்ள நாள், மூன்று மணி நேரம் வந்து நெருப்பைப் பார்த்துக்கொள்ள முடியுமா, அக்காவிடம் சொல்லியாகிவிட்டது என்றார். சொல்லவில்லை. எஃப்ரென் போனான். குவியல் பெரிதாக இருந்தது. மேலே எல்லாம் ஆப்பிள் கிளை. அவன் பற்ற வைத்தான். அடியில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்லோ சின்ன டிராக்டரால் நீலத் தார்ப்பாய்க் குவியலைத் தள்ளிக்கொண்டுவந்து, ஆப்பிள் கிளைகளை அதன்மேல் போட்டு வைத்திருந்தார். குப்பைக் கிடங்குக்கு இரண்டு நடை மிச்சம் என்று கணக்கு.

எஃப்ரென் இரண்டு மணி நேரம் அந்தப் புகையில் நின்று கிளைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். காற்று வீட்டுப் பக்கம் திரும்பியபோது விட்லோ உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எஃப்ரெனின் மனைவி நீவெஸ் போன் செய்தாள். அவள் குரலில் அழுகை இல்லை. கத்தியைத் தீட்டுகிற மாதிரி இருந்தது.

"உன் தம்பிக்கு மூச்சு ஓடல. ஆஸ்பத்திரியில வெச்சிருக்கோம். வா."

எலோடியா போனபோது எஃப்ரெனின் முகத்தை அவளால் அடையாளம் காண முடியவில்லை. கண்கள் இரண்டு கீறலாக இருந்தன. உதடு தடித்துத் திரும்பியிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். தொண்டை உள்ளே வீங்கியிருப்பதாகவும், மூச்சுக்குழாய் முழுக்கக் கொப்புளம் கிளம்பியிருக்கலாம் என்றும், இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் கழுத்தில் துளை போட வேண்டியிருக்கும் என்றும் மருத்துவர் சொன்னாராம். எஃப்ரென் எதையோ சொல்ல முயன்றான். காற்றுத்தான் வந்தது. எலோடியா குனிந்தாள்.

"ஆப்பிள்னு... சொன்னாருக்கா."

அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

நடைக்கூடத்தில் நீவெஸ் அவளை நிறுத்தினாள். இவர் வேலை பார்த்த ஆப்பிள் பெட்டி கட்டும் கொட்டகை மூடினபோது இவருக்கு வேறு வேலை கிடைக்காமலா போயிற்று, நீதான் கூட்டிக்கொண்டுபோனாய், விஷத்தைப் பிடுங்கிச் சோறு தின்கிற குடும்பம் வேறெங்காவது உண்டா என்று கேட்டாள்.    கோபம் யார்மேல் விழ வேண்டும் என்று எலோடியாவுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

ஞாயிறு மதியம் அவள் விட்லோ வீட்டுக்குப் போனாள். முதலில் தோட்டத்துக்குப் போய்ச் சாம்பலைப் பார்த்தாள். ஓரத்தில் எரியாமல் மிஞ்சிய குச்சிகள் கிடந்தன. கையுறை போட்டு ஒன்றை எடுத்துக் கத்தியால் சீவிப் பார்த்தாள். நின்றாள். சீவின இடம் கறுத்தது. நீலத் தார்ப்பாய் அழகாக மடித்துக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ பொறுமையாக ஓரம் பார்த்து மடித்திருந்தார்கள். அந்த மடிப்பைப் பார்த்ததும்தான் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது.

கதவைத் தட்டினாள். விட்லோ வந்தார், கையில் காப்பிக் கோப்பை. எஃப்ரென் எப்படி இருக்கிறான் என்று அவரே முதலில் கேட்டார். எலோடியா சொன்னாள்: தொண்டை, நுரையீரல், குழாய், எல்லாவற்றையும். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு தேறிக்கொண்டது.

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? அதுல ஒரு இலைகூட இல்ல எலோடியா. வெறும் காஞ்ச குச்சி. நெருப்புல போட்டா எல்லாம் செத்துடும்னு நெனச்சேன்."

"மூணு தடவை சொன்னேன்."

"சொன்னீங்க. ஆனா உங்க தொழில்ல நீங்க கொஞ்சம் கூட்டித்தானே சொல்வீங்க? அதுவுமில்லாம, இது அவரோட தொழிலும்தானே. பத்த வெக்கிறதுக்கு முன்னாடி கிளறிப் பார்த்திருக்கணும் இல்ல?"

எலோடியா அவர் முகத்தையே பார்த்தாள். ஆப்பிள் கிளையை மேலே பரப்பியது யார் என்று கேட்டாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்து அனுப்புவதாகச் சொன்னார். மனைவியும் அதையேதான் சொன்னாளாம். கதவைச் சாத்தப் போனவர், ஞாபகம் வந்ததுபோல நின்றார்.

"மீதிச் சரிவை எப்ப முடிப்பீங்க? சங்கடமான நேரந்தான், புரியுது. ஆனா ஜூன்ல கல்யாணம்."

கதவு சாத்திக்கொண்டது.

எலோடியா வண்டிக்கு நடந்தாள். நடக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகச் செய்தது. மறுபடி கையுறை மாட்டினாள். சரிவில் பிடுங்காமல் நின்ற தடித்த கொடி ஒன்றைச் சாய்வாக வெட்டினாள். பால் கசிந்தது. அதைக் கொண்டுபோய் விட்லோவின் வெள்ளிநிறக் காரின் முன்கதவுக் கைப்பிடியில், உள்விரல் படுகிற இடத்தில், வெண்ணெய் தடவுகிற மாதிரி நிதானமாகத் தேய்த்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. குச்சியைச் சரிவில் வீசிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மலையிறக்கம் முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, சந்தோஷம்தான். அந்த வெள்ளை விரல்கள் வீங்குவதை, உறக்கமில்லாமல் அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தோலைப் பிறாண்டுவதை, கண் திறக்காமல் மனைவியைக் கூப்பிடுவதை, ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து ருசித்தாள். பூங்கொத்து அனுப்புகிறேன், பூங்கொத்து, என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அடிவாரத்தில் பெட்ரோல் போட நிறுத்தினாள். பக்கத்து வண்டியிலிருந்து ஒரு குழந்தை இறங்கத் துடித்துக் கதவின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா அதட்டினாள். எலோடியா பெட்ரோல் குழாயைப் பிடித்தபடியே நின்றாள். மஞ்சள் பூட்ஸ் நினைவுக்கு வந்தது. விட்லோ இன்று வெளியே வந்தாலும் வராவிட்டாலும், அந்தக் காரின் முன்கதவை முதலில் திறக்கப்போவது அவர் இல்லை. டெஸ்ஸா கதவைத் திறக்கும், உள்ளே ஏறும், ஹாரன் அடிக்கும், பிறகு அதே கையால் கண்ணைக் கசக்கும்.

தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அந்தக் கோபத்தையும் விட்லோவின் பற்றுக் கணக்கில்தான் எழுதினாள். என்னை இந்தக் காரியம் செய்ய வைத்துவிட்டானே. பாதி நிரம்பிய டாங்கை மூடிவிட்டு, வந்த வழியே மலையேறினாள். இருபது நிமிஷப் பாதை. ஒவ்வொரு வளைவிலும் மாதாவைக் கூப்பிட்டாள்.

கார் அதே இடத்தில் நின்றது. குழந்தையைக் காணோம். எலோடியா பீப்பாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்பை ஊற்றி, கைப்பிடியைத் தேய்க்கத் தொடங்கினாள். துணியை மாற்றி இரண்டாம் முறை. மூன்றாம் முறை தேய்த்துக்கொண்டிருக்கும்போது விட்லோ வெளியே வந்தார். பின்னால் வாசற்படியில் மஞ்சள் பூட்ஸ்.

"என்ன பண்றீங்க நீங்க?"

எலோடியா திரும்பவில்லை. கை நிற்கவுமில்லை.

"உங்க கார்க் கைப்பிடியில இயெத்ராவைத் தேய்ச்சிட்டுப் போனேன். ஒரு மணி நேரம் முன்னாடி. இப்ப கழுவ வந்திருக்கேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. குழந்தையின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். மனைவியைக் கூப்பிட்டு டெஸ்ஸாவை உள்ளே கூட்டிப் போ, கதவைச் சாத்து, கார்ப் பக்கம் விடாதே என்று கத்தினார். தானும் இரண்டடி பின்வாங்கினார். பிறகு இன்னும் இரண்டடி. எலோடியா இப்போது திரும்பிப் பார்த்தாள். அவருக்கும் காருக்கும் நடுவிலிருந்த அந்தத் தூரத்தைப் பார்த்தாள்.

"ஏன் தள்ளி நிக்கிறீங்க? இலையே இல்லாத குச்சிதான் மிஸ்டர் விட்லோ. செத்த குச்சி. வந்து தொடுங்க."

அவர் வரவில்லை.

"வாங்க. நான் கூட்டித்தானே சொல்வேன்? வந்து ஒரு விரல வெச்சுப் பாருங்க."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. நான் இங்கயே இருக்கேன். அவங்க வந்ததும் கைப்பிடிய நான் காட்டறேன், நெருப்பு வெச்ச எடத்த நீங்க காட்டுங்க."

அவர் போனை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே நின்றார். எலோடியா ஸ்பிரிட் துணியால் கைப்பிடியை இன்னொரு முறை துடைத்தாள், கதவின் ஓரத்தையும் துடைத்தாள், துணிகளைப் பையில் போட்டு முடிந்தாள். அவள் வண்டியை எடுக்கும்வரை அவர் யாரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் அவள் புகை விதிகளைப் பார்க்கும் வட்டார அலுவலகத்துக்குப் போனாள். நீவெஸ் வேண்டவே வேண்டாம் என்று தடுத்திருந்தாள். எஃப்ரெனுக்கு இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் சரியாக இல்லை. எந்த அலுவலகத்திலும் அவன் பெயர் எழுதப்படக்கூடாது. எலோடியா அவன் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் பிடுங்கிய செடி, நான் மூடிய தார்ப்பாய், நான் எச்சரித்த ஆள் என்றாள். நீங்கள் அந்தப் புகையைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை, புகையைத் தின்றவனைப் பார்த்தேன் என்றாள். ஒரு பெண் அதிகாரி போய்ச் சாம்பலையும் மிஞ்சிய குச்சிகளையும் எடுத்து வந்தாள். விட்லோவுக்கு அபராதமும் ஒரு கடுமையான கடிதமும் போயிற்று. அவ்வளவுதான். ஒரு மனுஷனின் தொண்டைக்கு ஒரு கடிதம்.

விட்லோ சும்மா இருக்கவில்லை. மலைப்பாதை வீடுகளில் எல்லாம், அந்தப் பெண் என் காரில் விஷத்தைத் தடவினாள் என்று சொன்னார். அது உண்மை. கேட்டவர்களிடம் எலோடியாவும் ஆமாம் என்றே சொன்னாள். ஏன் என்பதையும் சொன்னாள். முதல் பாதியைக் கேட்டுப் பதினொரு வீடுகள் அவளை வேண்டாம் என்றன. இரண்டாம் பாதி வரைக்கும் பொறுமையாகக் கேட்டவை மூன்றோ நாலோ.

எஃப்ரென் ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தான். தோல் பாம்புச் சட்டைபோல உரிந்து புதுத்தோல் வந்தது. குரல் முழுசாகத் திரும்பவில்லை; சல்லடையில் மணல் சலிக்கிற சத்தம். அடுப்புப் புகை, சிகரெட்டுப் புகை எது பட்டாலும் இருமி மடங்கிவிடுவான். பிறகு ஒரு நாற்றுப் பண்ணையில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, தொட்டிகளுக்குத் தண்ணீர் விடும் வேலைக்குப் போனான். விட்லோ அனுப்பிய பூங்கொத்தை ஆஸ்பத்திரியிலேயே நீவெஸ் குப்பையில் போட்டுவிட்டாள்.

நீவெஸ் ஒன்றரை மாதம் எலோடியாவோடு பேசவில்லை. மார்ச் மாதம் ஒரு நாள் காலை, எலோடியா வண்டியில் பீப்பாயை ஏற்றிக்கொண்டிருக்கும்போது வந்து, முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். மடியில் சோளரொட்டியும் அவரைக்காயும் கட்டிய பொட்டலம்.

"ஒருத்தர் சம்பளம் பத்தல. நான் வரேன். ஆனா ஒண்ணு, நீ சொல்றத மட்டுந்தான் கேப்பேன். வீட்டுக்காரன் போன் பண்ணா எடுக்க மாட்டேன்."

"எடுக்காதே" என்றாள் எலோடியா.

நீவெஸ் வேலையில் சூட்டிகை. வேரைப் பிடித்தால் கடைசி முடிச்சு வரைக்கும் விடமாட்டாள். பிடுங்கும்போது வாய் ஓயாமல் விட்லோவைத் திட்டுவாள். கொடியின் ஒவ்வொரு முடிச்சுக்கும் அவருடைய ஒரு உறுப்பின் பெயர். எலோடியாவுக்கு அது கேட்கப் பிடித்திருந்தது.

ஏப்ரல் நடுவில் அவர்கள் இருவரும் வேறொரு வீட்டுக்கு மலையேறிக்கொண்டிருந்தார்கள். விட்லோவின் சரிவு ரோட்டிலிருந்தே தெரியும். எலோடியா முடித்த பாதியில் வெறும் புல். பிடுங்காத பாதியில் இயெத்ரா புதுத் துளிர் விட்டு, செம்பு நிறத்தில் மினுக்கிக்கொண்டு இடுப்பளவு நின்றது. அதற்குள் மூன்று ஆண்கள். அரைக்கைச் சட்டை, வெறுங்கை. ஆளுக்கு ஒரு நைலான் நரம்பு சுழலும் புல்வெட்டி எந்திரம். எந்திரம் சுழன்று இலையை நசுக்கிப் பச்சைத் தூறலாக அவர்கள் கையிலும் முகத்திலும் தெறித்துக்கொண்டிருந்தது.

எலோடியா பிரேக்கை மிதித்த மிதியில் பீப்பாய் உருண்டது. வண்டியை விட்டு இறங்கி, ரோட்டோரத்தில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். எந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. நீவெஸ் ஹாரனை அழுத்தி விடாமல் பிடித்துக்கொண்டாள். ஒருத்தன் எந்திரத்தை நிறுத்தினான்.

என்ன வெட்டுகிறீர்கள் தெரியுமா என்று ஸ்பானிஷில் கேட்டாள். பெர்ரிப் புதர் என்று வீட்டுக்காரர் சொன்னதாக அவன் சொன்னான். மூவரும் குவாதமாலாக்காரர்கள், இந்தப் பக்கத்துக்கு வந்தே இரண்டு மாதம்தான். மத்தியானம் எல்லாவற்றையும் குவித்து எரிக்கச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டாள். எரிக்கச் சொல்லவில்லை, தோட்டத்து மூலையில் தள்ளச் சொன்னார் என்றான். அபராதம் அந்த அளவுக்காவது வேலை செய்திருந்தது.

"தம்பி, இது இயெத்ரா. அந்தப் பச்சைத் தண்ணி உங்க மேல இருக்கு. கீழ இறங்கி வாங்க, மூணு பேரும். இப்பவே."

வயதில் மூத்தவன் தயங்கினான். வேலையைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அதற்குள் நீவெஸ் வண்டியிலிருந்து இறங்கி, "என் புருஷனுக்கு இந்த வீட்டுலதான் தொண்டை போச்சு. குரலைக் கேக்கணுமா? போன் போட்டுத் தரேன்" என்றாள். அவர்கள் இறங்கி வந்தார்கள்.

ரோட்டோரத்தில் வைத்து மூன்று பேருக்கும் கை, கழுத்து, முகம் எல்லாம் கழுவினார்கள். எலோடியா தண்ணீர் ஊற்ற, நீவெஸ் துணியால் தேய்த்தாள்; பிள்ளைக்குத் தேய்க்கிறாற்போல இல்லை, துருப்பிடித்த சட்டியைத் தேய்க்கிறாற்போல. இளையவன் வலிக்கிறது என்றதற்கு, நாளைக்கு வலிக்கிறதுக்கு இது தேவலாம் என்றாள்.

மேலே மாடத்தில் விட்லோ வந்து நின்றார். இது என் சொத்து, என் வேலைக்காரர்களைத் தொந்தரவு செய்கிறாய், உடனே கிளம்பு என்று கத்தினார். எலோடியா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"ரோடு உங்க சொத்து இல்ல மிஸ்டர் விட்லோ. இவங்க தோலும் உங்க சொத்து இல்ல."

வண்டியிலிருந்து ஒரு பெட்டி கையுறையும், மூன்று முழுக்கைச் சட்டையும், ஒரு புட்டி சோப்பும் எடுத்து மூத்தவன் கையில் கொடுத்தாள். எந்திரத்தைத் தொடாதீர்கள், கையால் வேரோடு எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள், வீட்டுக்காரன் பெர்ரி என்றால் பெர்ரி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். எந்திரத்தில் சிக்கிய இலையைக் கையால் எடுத்துவிடப் போகிறான் என்று பயந்து, அதை எப்படித் துடைப்பது என்றும் காட்டினாள்.

மூவரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மூத்தவன் வீட்டைப் பார்த்து ஏறினான். விட்லோவிடம் அவன் என்ன சொன்னான் என்று கீழே கேட்கவில்லை. விட்லோ கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் திரும்பி வந்து, எந்திரங்களை எடுத்துத் தங்கள் வண்டியில் போட்டான். முழுசும் கையால் செய்வதானால் நாலு நாள் ஆகும், சம்மதமென்றால் செய்கிறோம், இல்லையென்றால் போகிறோம் என்று சொல்லிவிட்டானாம். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

"யோசிக்கட்டும்" என்றாள் நீவெஸ். "ஜூன் வரைக்கும் நேரம் இருக்கு."

எலோடியா சிரிக்கவில்லை. காலி வாளியை வண்டியில் போட்டாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சரிவையே பார்த்து நின்றாள். நீவெஸ் அதைப் பார்த்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்ட உட்கார்ந்தாள். அடுத்த வீட்டில் ஒரு கிழட்டு ஓக் மரத்தின்மேல் தொடைத் தடிமனுக்குக் கொடி ஏறியிருக்கிறதாம், ஒன்பது மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பத்தாகிவிட்டிருந்தது.